துருகம்: திருமயம் கோட்டையின் மதில்களும் பாறையும்



பதினெட்டாம் சங்கீதத்தின் இரண்டாம் வசனத்தில் தாவீது கர்த்தருக்கு அடுக்கிச் சூட்டும் பெயர்களுள் ‘துருகம்’ என்பது ஒன்று. ஆராதனையில் எத்தனையோ முறை வாசித்திருக்கிறோம். ஆயினும் அச்சொல்லின் பொருளைக் கேட்டால் நம்மில் பலர் தயங்குவோம். துருகம் என்றால் எளிதில் ஏற இயலாத மலைக்கோட்டை. தியாகதுருகம் என்னும் ஊர்ப்பெயரில் அது இன்றும் வழங்குகிறது. ஆனால் எபிரெய மூலத்தில் அவ்விடத்தில் நிற்கும் சொல் ‘சூர்’ என்பதாகும். அதற்குப் பாறை என்பதே பொருள். அதில் மதிலும் இல்லை, கொத்தளமும் இல்லை. பாறை இருந்த இடத்தில் நம் மொழிபெயர்ப்பாளர்கள் கோட்டையை வைத்தார்கள். அவர்களைக் குறைகூறுவதற்கில்லை. திண்டுக்கல், நாமக்கல், சங்ககிரி, செஞ்சி என்று இந்நாட்டில் தனித்துயர்ந்த பாறை கண்ட இடமெல்லாம் யாரோ ஓர் அரசர் முந்திக்கொண்டு மதில் எழுப்பியிருந்தார். தமிழன் கண்ணுக்குப் பாறையும் கோட்டையும் ஒன்றாகவே தெரிந்ததில் வியப்பில்லை.

எனினும் அவை இரண்டும் ஒன்றல்ல. இந்த வேறுபாட்டைக் கண்ணால் காண நாம் நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. ஆத்தங்குடியிலிருந்து கானாடுகாத்தான் சென்று, அங்கிருந்து வடக்கே புதுக்கோட்டைச் சாலையில் திரும்பினால் சிறிது நேரத்தில் சமவெளியின் நடுவே ஒரு குன்று எழுந்து நிற்பது தெரியும். அதுவே திருமயம். பழம்பெயர் திருமெய்யம். நம்மில் பலர் பேருந்தின் சன்னல் வழியாக அதைக் கடந்திருக்கிறோமே தவிர, இறங்கி ஏறிப் பார்த்தவர்கள் சிலரே.

இக்கோட்டை 1687-ஆம் ஆண்டில் இராமநாதபுரம் சேதுபதியால் கட்டப்பட்டது. அப்போது ஆண்டவர், கிழவன் சேதுபதி என்று வரலாறு அழைக்கும் இரகுநாத சேதுபதி. அதற்கு முந்தைய ஆண்டில்தான் அவர் தம் மைத்துனராகிய இரகுநாதத் தொண்டைமானைப் புதுக்கோட்டைச் சீமைக்குத் தலைவராக்கியிருந்தார். சேதுபதியின் நாட்டுக்கு வடக்கே தஞ்சாவூர் மராத்தியர், மேற்கே மதுரை நாயக்கர். இவ்விரு வல்லரசுகளுக்கு இடையே தலைநிமிர்ந்து நிற்க விரும்பிய ஒருவருக்கு வடஎல்லையில் காவல் தேவைப்பட்டது. எனவே திருமயம் அரண்மனையாக எழவில்லை. எல்லையில் நின்று கண்விழித்திருக்கும் படைநிலையாகவே எழுந்தது.

கட்டடத்தைப் பாருங்கள். குன்றை மையமாக வைத்து, ஒன்றினுள் ஒன்றாக ஏழு மதில்கள் சுற்றிவரும்படி அமைத்தார்கள். அவற்றுக்கு வெளியே அகழி. இன்று ஏழில் நான்கே எஞ்சியுள்ளன. மதிலின் அடிப்பகுதி கருங்கல். மேலே, வீரன் மார்பளவு மறைந்து நிற்கும் கைப்பிடிச் சுவர் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டது. அதன் உச்சியில் வட்டமாக வளைந்த ஞாயில்கள் வரிசையாக நிற்கின்றன. இடையிடையே துளைகள். பழந்தமிழில் அம்பெய்யும் துளைக்கு ஏப்புழை என்று பெயர். துப்பாக்கிக் காலத்தில் அதே துளை குண்டுக்குப் பயன்பட்டது. உச்சியில் பீரங்கி மேடை. ஏறிச்செல்லும் வழியின் நடுவே வெடிமருந்துக் கிடங்காக விளங்கிய ஓர் அறை. பாறையின் மடியில் மழைநீரைப் பிடித்து வைக்கும் சுனை. முற்றுகைக் காலத்தில் பீரங்கியைவிடச் சுனையே கோட்டையின் உயிர். மருந்து தீர்ந்தாலும் சில நாள் தாங்கலாம். தண்ணீர் தீர்ந்தால் வாயிலைத் தாங்களே திறக்க வேண்டியதுதான்.

ஏழு மதில்கள் எதற்கு? ஒரே மதிலை ஏழு மடங்கு தடிப்பாகக் கட்டியிருக்கலாமே என்று தோன்றும். சுற்று மதிலின் சூட்சுமம் அதன் உயர வரிசையில் இருக்கிறது. ஒவ்வொரு மதிலும் தனக்கு வெளியே உள்ளதைவிடக் குன்றின்மேல் சற்று உயர்ந்து நிற்கிறது. பகைவன் முதல் மதிலைப் பிடித்துவிட்டால் அவனுக்கு வெற்றி கிட்டிவிடாது. அடுத்த மதிலில் நிற்பவர்களின் பார்வைக்கும் குண்டுக்கும் நேர்கீழே அவன் நிற்பான். ஒன்றை இழந்தாலும் அடுத்ததில் நின்று போரிடலாம் என்பதே கணக்கு. ஒருவகையில் இது தோல்வியை முன்கூட்டியே எதிர்பார்க்கும் கட்டடக்கலை. நாம் வீழ்வோம், ஆறுமுறை வீழ்ந்த பின்னும் நிற்க இடம் வேண்டும் என்று நினைத்தவரே இவ்வாறு கட்டுவார். மதில்களின் எண்ணிக்கை கட்டியவரின் வலிமையை அளப்பதாக நாம் எண்ணுகிறோம். எனக்கோ அது அவருடைய அச்சத்தின் அளவாகவே தோன்றுகிறது.

அச்சம் என்று சொல்வதில் இகழ்ச்சி எதுவும் இல்லை. எல்லையில் வாழும் ஏழைக் குடியானவனின் நெல்லையும் மாட்டையும் பகைப்படையிடமிருந்து காப்பது அரசனின் கடமை. கோட்டை வாயில்களில் பைரவர், அனுமன், கணபதி, கருப்பர் என்று காவல் தெய்வங்களின் சந்நிதிகள் இருப்பதையும் கவனியுங்கள். அகழி வெட்டி, ஏழு மதில் கட்டி, பீரங்கி ஏற்றிய பின்னும், காக்க இன்னொருவர் வேண்டும் என்று அந்த மனிதர்கள் உணர்ந்திருந்தார்கள். நூற்றிருபத்தேழாம் சங்கீதம் காவலாளனின் விழிப்பைக் குறித்துச் சொல்வதை நாம் வாசிக்கும்போது, நம் அயலாரும் தங்கள் வழியில் அந்த உண்மையை அறிந்தவர்கள் என்பதை மறக்கலாகாது.

குன்றின் தென்சரிவில் பாறையைக் குடைந்தெடுத்த சிவன் கோயிலும் பெருமாள் கோயிலும் அடுத்தடுத்து இருக்கின்றன. கோட்டைக்குப் பல நூற்றாண்டுகள் முற்பட்டவை அவை. இரண்டுக்கும் இடையே ஒரு காலத்தில் வருவாய் குறித்து நீண்ட வழக்கு நடந்தது. 1245-ஆம் ஆண்டில் ஹொய்சளத் தளபதி அப்பண்ணரின் முன்னிலையில் அது தீர்க்கப்பட்டது என்பதற்குக் கல்வெட்டுச் சான்று உள்ளது. திருச்சபைகளின் சொத்து வழக்குகள் எத்தனை ஆண்டுகளாக எத்தனை நீதிமன்றங்களில் நிலுவையில் உள்ளன என்பதை அறிந்த நாம், அக்கல்வெட்டைச் சற்றுத் தலைகுனிந்தே கடந்து போக வேண்டும்.

இனி பாறைக்கு வருவோம். திருமயத்தில் மதில் எங்கே முடிகிறது, பாறை எங்கே தொடங்குகிறது என்பது வெளிப்படையாகத் தெரியும். மனிதன் அடுக்கிய கல்லில் இணைப்புகள் உண்டு. பாறையில் இணைப்பே இல்லை. நம் ஆத்தங்குடிக் கல்லை எண்ணிப் பாருங்கள். கண்ணாடித் தகட்டின்மேல் முதலில் வண்ணக் குழம்பை வார்க்கிறோம். அதன் பின்னரே மணலும் சிமெண்டும் இட்டு வலுவூட்டுகிறோம். அங்கே முகம் முதலில், வலிமை பிறகு. திருமயத்திலோ வலிமை முதலிலேயே இருந்தது. சேதுபதியின் கொத்தர்கள் அதற்கு முகம் மட்டுமே வைத்தார்கள். முந்நூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் கடந்துவிட்டன. முகத்தில் மூன்று மதில்கள் போய்விட்டன. பாறையில் குறைவொன்றுமில்லை.

தாவீது பாறை என்று சொன்னபோது இதைத்தான் மனதில் வைத்திருந்தார் என்று நான் கருதுகிறேன். அவர் சவுலுக்குத் தப்பித் திரிந்த நாட்களின் கதையைச் சாமுவேலின் முதல் புத்தகத்தில் ஒரு கட்டடக் கலைஞனின் கண்ணோடு வாசித்தால் வியப்பான செய்தி ஒன்று கிடைக்கும். இருபத்துமூன்றாம் அதிகாரத்தில் தாவீது கேகிலா என்னும் ஊரைப் பெலிஸ்தரிடமிருந்து மீட்கிறார். கேகிலாவுக்குக் கதவுகளும் தாழ்ப்பாள்களும் உண்டு. அதைக் கேட்ட சவுல் மகிழ்ந்தான். மதிலுள்ள ஊருக்குள் போனவன் தானே அகப்பட்டுக்கொண்டான் என்பது அவன் கணக்கு. தாவீது தேவனிடம் விசாரித்தார். தாம் காப்பாற்றிய அந்த ஊராரே தம்மைச் சவுலிடம் ஒப்புக்கொடுப்பார்கள் என்ற பதில் கிடைத்தது. உடனே அவர் கதவுள்ள ஊரைவிட்டு வெளியேறி வனாந்தரத்தின் பாறைகளுக்குப் போனார். மதில் அவருக்குக் கண்ணியாகவும், வெட்டவெளிப் பாறை புகலிடமாகவும் இருந்தன.

அதற்கு முந்தைய அதிகாரத்தில் அதுல்லாம் குகை வருகிறது. அங்கே அவரிடம் வந்து சேர்ந்தவர்கள் யார்? நெருக்கத்தில் இருந்தவர்கள், கடன்பட்டவர்கள், மனக்கசப்புற்றவர்கள். ஏறக்குறைய நானூறு பேர். அந்தப் பகுதியிலேயே தாவீது தங்கியிருந்த அரணைக் குறிக்க ‘மெட்சூதா’ என்ற எபிரெயச் சொல் வருகிறது. பதினெட்டாம் சங்கீதத்தில் கோட்டை என்று நாம் வாசிப்பதும் அதே சொல்தான். ஆக, கர்த்தரைக் கோட்டை என்று பாடிய மனிதனின் நினைவில் இருந்த கோட்டைக்கு வாயிற்காவலன் இல்லை. கடன்காரனுக்குப் பயந்து ஓடிவந்தவனையும் அது உள்ளே ஏற்றுக்கொண்டது. அங்கேயும் நிலைத்துவிடாதபடி காத் என்னும் தீர்க்கதரிசி வந்து, அரணைவிட்டு யூதாவுக்குப் புறப்படும்படி சொன்னதை அதே அதிகாரத்தில் காண்கிறோம். அரண் ஒதுங்க மட்டுமே. குடியிருக்க அன்று.

திருமயத்தைக் கட்டியவரிடம் மீண்டும் வருகிறேன். ஏனெனில் அவருடைய பெயரை நம் மாவட்டத்துக் கிறிஸ்தவர்கள் வேறொரு கதையில் கேட்டிருக்கிறார்கள். லிஸ்பனில் 1647-ஆம் ஆண்டு பிறந்து, இயேசு சபைத் துறவியாகி, காவியுடுத்த பண்டாரசுவாமியாக இம்மண்ணில் நடந்த ஜான் டி பிரிட்டோவை நாம் அருளானந்தர் என்று அறிவோம். அவர் 1686-ஆம் ஆண்டில் மறவர் சீமையில் பிடிபட்டுக் கொடிய சித்திரவதைக்கு உள்ளானார். பின்னர் இராமநாதபுரத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டபோது, கிழவன் சேதுபதி அவர் போதனையைக் கேட்டறிந்து, இனி இச்சீமையில் போதிக்கலாகாது என்ற கட்டளையோடு உயிருடன் விடுவித்தார். திருமயத்தில் கல் அடுக்கப்பட்டதும் ஏறக்குறைய அதே காலத்தில்தான்.

அருளானந்தர் ஐரோப்பா சென்று திரும்பி வந்தார், மறுபடியும் போதித்தார். 1692-ஆம் ஆண்டில் தடியத்தேவர் என்னும் அரசகுலத்தவர் அவர்மூலம் நோய் நீங்கி விசுவாசியானார். ஒரு மனைவியுடன் மட்டுமே வாழ வேண்டும் என்ற போதனைக்கு இணங்கி மற்ற மனைவியரை விலக்கினார். விலக்கப்பட்டவர்களுள் ஒருவர் சேதுபதியின் உறவுப் பெண். அந்தப் பெண்ணின் முறையீடு அரண்மனையை எட்டியது. விளைவாக 1693-ஆம் ஆண்டு பிப்ரவரி 4-ஆம் தேதி ஓரியூரில் அருளானந்தர் தலை வெட்டப்பட்டார். முந்தைய நாள் சிறையிலிருந்து அவர் உடன்பணியாளர்களுக்குக் கரியை மையாகக் கொண்டு கடிதம் எழுதினார்.

இந்தக் கதையை நம் மேடைகளில் சொல்லும் விதம் எனக்கு நெடுநாளாக உறுத்தலாக இருக்கிறது. ஒரு பக்கம் பரிசுத்தவான், மறுபக்கம் கொடியவன் என்று இரண்டே வரியில் முடித்துவிடுகிறோம். கிழவன் சேதுபதி அவ்வளவு எளிதாக அடங்கும் மனிதரல்லர். கீழக்கரையின் இஸ்லாமிய வணிகரான சீதக்காதியைத் தம் நெருங்கிய நண்பராக வைத்திருந்தவர் அவர். இராமநாதபுரம் கோட்டையைக் கற்கோட்டையாக எழுப்பியதில் சீதக்காதியின் உதவியும் உண்டு என்பர். முதல்முறை அருளானந்தரை விடுவித்தவரும் அவரே. ஆறாண்டுகளில் அவரை மாற்றியது மதவெறி மட்டும் என்று நான் நினைக்கவில்லை. அரசகுலத்தவர் ஒருவர் புதிய மார்க்கத்தில் சேர்ந்தால், அவர் பின்னால் எத்தனைபேர் போவார்கள், அரியணைக்கு யார் உரிமை கோருவார்கள் என்ற கவலையும் இருந்திருக்க வேண்டும். விலக்கப்பட்ட அந்தப் பெண்ணின் கண்ணீரும் பொய்யல்ல. அவளுடைய அவமானத்தைப் பற்றி நம் பிரசங்கங்களில் எத்தனை முறை ஒரு சொல்லேனும் பேசியிருக்கிறோம்?

வடக்கிலிருந்து மராத்தியர் வருவார்கள், மேற்கிலிருந்து நாயக்கர் வருவார்கள் என்று எண்ணிச் சேதுபதி மதில் எழுப்பினார். அவர் அரசைக் கலக்கிய செய்தியோ வீட்டு வாசல் வழியாக, ஓர் உறவுப் பெண்ணின் அழுகையாக உள்ளே வந்தது. ஏழு மதிலில் எந்த மதிலும் அந்தத் திசையைப் பார்க்கவில்லை. எதிரிலே கைகட்டி நின்ற துறவியிடமோ தூக்கி எறிய ஒரு கல்லும் இல்லை.

கோட்டையின் பிற்காலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அது சேதுபதிகளிடமிருந்து தொண்டைமான்களின் கைக்கு மாறியது. தஞ்சாவூர்த் தளபதி ஆனந்தராவ் படையெடுத்து வந்தபோது தொண்டைமானிடம் எஞ்சி நின்ற இடம் திருமயமே என்று புதுக்கோட்டை வரலாறு கூறும். அப்போதைக்கு மதில் தன் வேலையைச் செய்தது, அதை மறுக்க முடியாது. கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரையின் நினைவாக மக்கள் இதை ஊமையன் கோட்டை என்றும் அழைக்கிறார்கள். இன்று இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. யார் யாரைத் தடுக்கக் கட்டினார்களோ, அவர்கள் எல்லாருடைய பேரப்பிள்ளைகளும் நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு ஏறி இறங்குகிறார்கள். ஓரியூரிலும் அப்படியே. அருளானந்தரின் ஆலயத்துக்கு எல்லாச் சாதியாரும் எல்லா மதத்தாரும் வந்து நேர்ந்துகொள்கிறார்கள்.

சுற்றுக்குள் சுற்றாகக் கட்டும் முறை போர்க்களத்துக்கு மட்டும் உரியதன்று. நம் செட்டிநாட்டு வீடுகளில் திண்ணை, முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று தெருவிலிருந்து பின்தெருவரை அடுக்கடுக்காகப் போகிறோம். யார் திண்ணையோடு நிற்க வேண்டும், யார் வளவுவரை வரலாம், யார் கொல்லைப்பக்கமாக மட்டுமே வர வேண்டும் என்பதை அந்த அடுக்குகள் வாய்திறவாமல் சொல்லிக்கொண்டிருந்தன. எருசலேம் தேவாலயமும் அப்படியே. புறஜாதியார் பிராகாரம், பெண்கள் பிராகாரம், இஸ்ரவேலர் பிராகாரம், ஆசாரியர் பிராகாரம். புறஜாதியார் பிராகாரத்தின் எல்லையில் ஒரு தடுப்புச்சுவர் இருந்தது. அதைத் தாண்டும் அந்நியன் தன் மரணத்துக்குத் தானே பொறுப்பு என்று கிரேக்கத்தில் பொறித்த எச்சரிக்கைக் கல் ஒன்று 1871-ஆம் ஆண்டில் எருசலேமில் கண்டெடுக்கப்பட்டது. இன்று அது இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எபேசியருக்கு எழுதிய நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில், கிறிஸ்து தகர்த்ததாகச் சொல்லப்படும் நடுச்சுவரை வாசிக்கும்போது இந்தக் கல்லை நினையாமல் இருக்க முடியாது. பவுல் எருசலேமில் பிடிக்கப்பட்டதும், ஒரு புறஜாதியானை அச்சுவருக்கு உள்ளே அழைத்துவந்தார் என்ற குற்றச்சாட்டின் பேரில்தான்.

இவற்றையெல்லாம் இந்த வாரத்தில் எழுதக் காரணம் உண்டு. நம் ஆலய வளாகத்தின் சுற்றுச்சுவரை உயர்த்திக் கட்டும் திட்டம் அடுத்த ஞாயிறு சேகரக் கமிட்டியின் முன் வருகிறது. ஆடுமாடு நுழைகிறது, இரவில் மின்கம்பி களவு போகிறது என்று உறுப்பினர்கள் சொல்வது நியாயமே. எத்தனை அடி உயரம், எவ்வளவு செலவு என்பதைக் கமிட்டியார் தீர்மானிக்கட்டும். அதில் நான் தலையிடப்போவதில்லை. ஆனால் வரைபடத்தில் தெருப்பக்கத்துத் திட்டிவாசல் அடைபட்டிருக்கிறது. அதற்கு மட்டும் என் சம்மதம் இல்லை. மதிய வேளையில் பள்ளிப் பிள்ளைகள் அந்த வாசல் வழியாக வந்துதான் நம் குழாயில் தண்ணீர் குடிக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் நம் சபைப் பிள்ளைகள் அல்லர். மேலத்தெருப் பாட்டிமார் ரேஷன் பையோடு வெயிலுக்கு ஒதுங்குவதும் நம் வேப்பமரத்தடியில்தான். சுவரை எழுப்புங்கள். திட்டிவாசலுக்குப் புதிய கதவும் போடுங்கள். பகலில் அதன் தாழ்ப்பாளைத் திறந்து வைக்கும் பொறுப்பை யார் ஏற்பது என்பதையும் அன்றைய கூட்டத்திலேயே தீர்மானித்து, குறிப்பேட்டில் எழுதிவிடுவோம்.